கார்வரி அழகியின் உறக்கம்

தூங்குகிறவர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. அன்று காலையில் தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருகிற பேருந்துகள் துயில் இல்லத்தின் வாசலில் நின்று ஆட்களை இறக்கிவிடும். கையில் தூக்குவாளி இல்லாமல் யாரும் வருவதில்லை. உள்ளே படுத்திருப்பவர் ஒரு வாய்கூடச் சாப்பிடப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் அவருக்குப் பிடித்த குழம்பை வைக்காமல் எப்படி வருவது? கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாங்களே அதைச் சாப்பிடுவார்கள். தூங்குகிறவரின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்புவார்கள்.

பூங்கோதைக்கு அந்த நீளக் கூடத்தில் பதினான்கு வருடப் பழக்கம். அவளுடைய அண்ணன் தவசி அங்கே தூங்கிக்கொண்டிருந்தான். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கல்லாகிற நோய் அவனுக்கு. மருந்து கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகும், இவர் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று கைவிரித்த டாக்டர்கள்தான் இந்த வழியையும் சொன்னார்கள். அவனைத் தூங்க வைத்தபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது, அவளுக்கு இருபத்து நான்கு. இப்போது அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவனுக்கு இன்னும் இருபத்தொன்பதுதான்.

அந்தத் தூக்கத்தை மனிதர்களுக்குக் கொடுத்தது ஒரு பட்டாம்பூச்சி. மேற்கு மலையில் மட்டும் வாழ்கிற கார்வரி அழகி. உள்ளங்கை அகலத்துக்கு விரிகிற கறுப்பு இறகுகள், குறுக்கே வெளிர்பச்சையில் ஒரே ஒரு பட்டை, பின்னிறகில் இரண்டு வால்கள். ஒவ்வொரு வாலின் முனையிலும் குங்குமம் தொட்டு வைத்தாற்போல் ஒரு புள்ளி. மழை பொய்த்தால் அதன் கூட்டுப்புழு வெளியே வராது. உடைந்த குச்சியைப் போலப் பாறையிடுக்கில் தொங்கியபடி ஒரு வருடம், இரண்டு வருடம், பஞ்சம் நீண்டால் எட்டு ஒன்பது வருடம்கூடச் சாகாமலும் வாழாமலும் அப்படியே இருக்கும். அதன் உடம்பில் ஊறுகிற ஒரு நீர்தான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் துயில்நீரை மனித ரத்தத்தில் செலுத்தினால் மனிதனும் அப்படியே நின்றுபோனான். நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, நோயும் வளரவில்லை.

முதல் சில வருடங்கள் கூட்டுப்புழுக்களைச் சாக்குச் சாக்காகப் பறித்து வந்தார்கள். அப்புறம் தொழிற்சாலையிலேயே துயில்நீர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதற்குள் மலையில் கார்வரி அழகி ஏறத்தாழ ஒழிந்துபோயிருந்தது. மிஞ்சியது ஒரே இடத்தில்தான். மலையுச்சிக்குக் கீழே, மிளகரணைக் கொடிகள் பின்னிக்கிடக்கும் ஈரப்பள்ளம் ஒன்றில்.

இத்தனை வருடத்தில் வேறு எத்தனையோ மாறிவிட்டன. தவசியின் நோய்க்கு மருந்தே வந்துவிட்டது. விழித்திருக்கிற உடம்பில்தான் அது வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். தூங்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு எழுப்பத் தெரியவில்லை. உடம்பைச் சூடாக்கினார்கள், ஊசி போட்டார்கள். அப்படி எழுப்பப்பட்ட இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள். ஆனால் அந்தக் கண்களுக்குப் பின்னால் யாருமில்லை. அதன்பிறகு யாரையும் எழுப்பக் கூடாது என்று சட்டம் வந்தது.

ஆகவே காத்திருந்தார்கள். கணவனைத் தூங்க வைத்துவிட்டு உத்தமபாளையத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணைக் கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க விடலாமா கூடாதா என்று சொந்தக்காரர்கள் வருடக்கணக்காகப் பேசித் தீர்க்க முடியாமல் இருந்தார்கள். அவள் மகன் அப்பாவைவிட மூத்தவனைப் போல மீசை வைத்துக்கொண்டு வந்து நின்றான். பூங்கோதையின் அம்மா ஞாயிறு தவறாமல் வந்து, மகனின் காலைப் பிடித்துவிட்டு, "இப்படித் தூங்குனா எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று திட்டிவிட்டுப் போவாள். ஒரு மார்கழியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்கிற கவலை அன்றிலிருந்து பூங்கோதையின் நெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

அவள் பூச்சியியல் படித்ததே இதற்காகத்தான். பள்ளத்துக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையும் வலைக்கூடாரமும் போட்டுக்கொண்டு, கார்வரி அழகியை வளர்ப்பதே வேலையாக இருந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது என்பதுதான் எதிர்பாராதது. அண்ணனுக்காகத் தொடங்கியவள், சில வருடங்களில் பூச்சிக்காகவே காலையில் எழுந்திருக்க ஆரம்பித்தாள். தாய்ப்பூச்சி ஒரு தளிருக்கு ஒன்று என்று முட்டையிடும் சிக்கனம். பிறந்த புழு பறவை எச்சம் போல வேஷம் போட்டுக்கொள்ளும் தந்திரம். வளர்ந்து பச்சையானதும், தொட்டால் பின்கழுத்திலிருந்து இரண்டு செம்மஞ்சள் கொம்புகளை நீட்டி, அழுகின எலுமிச்சை நாற்றத்தைப் பீச்சும் கோபம். வெயிலேறியதும் ஆண்பூச்சிகள் ஓடை மணலில் வரிசையாக உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சுவதைப் பார்த்தால், டீக்கடை பெஞ்சுதான் அவள் நினைவுக்கு வரும்.

கொட்டகைக்குப் பொருட்களைக் கொண்டுபோய் இறக்குவது அல்போன்ஸின் பேட்டரி ஜீப். இராயப்பன்பட்டிக்காரர். அவருடைய மகள் ஆக்னஸும் துயில் இல்லத்தில்தான் இருந்தாள். தவசிக்கு அடுத்த கட்டில். ஏழு வயதில், ரத்தத்தில் வந்த நோய்க்காகத் தூங்க வைத்தார்கள். ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்த நோய்க்கும் இப்போது மருந்து உண்டு.

மலைப்பாதையில் வாய் ஓயாமல் பேசுகிற அல்போன்ஸ், மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊமையாகிவிடுவார். முதல் வாரமே பட்டணத்துப் பெரிய டாக்டர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார்: "இவங்க மூளையில ஒரு அசைவும் இல்ல. நீங்க பேசுறது உங்க திருப்திக்குத்தான்." அன்றோடு பேச்சு நின்றது. செருப்பு கீச்சிட வருவார், உட்காருவார், எழுந்து போவார்.

அந்த வருடம் பங்குனியில் குரங்குகள் வலைக்கூடாரத்தைக் கிழித்துவிட்டன.

பூங்கோதை ஒரு கூட்டத்துக்காக மதுரை போயிருந்த சமயம். திரும்பி வந்து பார்த்தால் தட்டுகளெல்லாம் தலைகீழாகக் கிடந்தன. கூட்டுப்புழுக்கள் தொங்கிய குச்சிகளைக் குரங்குகள் பள்ளத்துப் பக்கமாக வீசியெறிந்திருந்தன. பாதிக் குச்சிகள்தான் கிடைத்தன. மீதியை முள்ளுக்குள் இறங்கித் தேட முடியவில்லை. கிடைத்தவற்றை எடுத்துச் சுத்தம் செய்து, பழையபடி தட்டில் வைத்து, ஈரமும் சூடும் கொடுத்தாள். சித்திரையில் முதல் மழை விழுந்தது. கூடாரத்திலிருந்த பூச்சிகள் எப்போதும்போல இறகு சுருங்கி, பறக்க முடியாமல் வெளியே வந்து விழுந்தன. இத்தனை வருடமும் அவளை அழவைத்த காட்சி அது.

சில வாரம் கழித்துப் பள்ளத்தில் இறங்கியவள் நின்றுவிட்டாள். குரங்குகள் எறிந்த குச்சிகள் மிளகரணை முள்ளில் சிக்கித் தொங்கின. கூடுகள் எல்லாம் திறந்திருந்தன. அவள் அடையாளத்துக்கு வைத்த சிவப்பு மைப்பொட்டோடு காலிக் கூடுகள். மேலே, ஓடைக்கு மேலான வெளிச்சத்தில், முழு இறகு விரித்த கார்வரி அழகிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

அதே சூடு, அதே ஈரம். அங்கே இருந்து இங்கே இல்லாதது என்ன?

சில மாதச் சோதனைகளுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, துயில் இல்லத்தின் தலைமை மருத்துவர் சபூராவின் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சபூரா கம்பத்துக்காரி. அவளைவிடப் பத்து வயது மூத்தவள். டாக்டர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாள்.

"வாசம்க்கா. மிளகரணையோட வாசம்."

"நிதானமா சொல்லு கோதை. தண்ணி குடி மொதல்ல."

"மழ விழுந்ததும் அந்தக் கொடி ஒரு வாசம் விடுது. தளிர் வரும்போது அது மாறுது. ஒன்னு ரெண்டு பூச்சி முந்திக்கிட்டு முழிச்சு முட்ட போட்டு, அந்தப் புழுவு தளிரக் கடிக்குதுல்ல, கடிபட்ட எலையில இருந்து மூணாவதா ஒன்னு வருது. மத்த கூட்டுப்புழுவெல்லாம் மூச்சுத் துவாரம் வழியா அத இழுத்துக்கிட்டுத்தான் எந்திரிக்குது. நம்ம சாப்பாடு தயார், நம்ம ஆளுங்க பொழச்சுக்கிட்டாங்கன்னு அதுக்குத் தெரியுது."

சபூரா நாற்காலியில் சாய்ந்தாள். "அப்ப நாங்க சூடு காட்டி எழுப்புனது?"

"தயிரச் சூடு பண்ணிப் பாலாக்கப் பாத்தோம்க்கா. திரிஞ்சுதான் போகும்."

"அந்த வாசத்த எண்ணெயா எறக்கிக்கலாமே?"

"எறக்கிப் பாத்துட்டேன். பட்டுன்னு மொத்தமாக் குடுத்தா புழு செத்துப்போகுது. ஒன்னு பின்னால ஒன்னா, நாளு கணக்குல, காத்து ஈரத்தோட கலந்து வரணும். கடுகு வெடிச்சப்புறந்தான கருவேப்பில? எல்லாத்தையும் ஒன்னாக் கொட்டுனா தாளிப்பா அது?"

சபூரா சிரித்தாள். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒறக்கத்த மட்டும் அள்ளிட்டு வந்துட்டோம். முழிப்பு காட்டுலயே இருந்துருக்கு. நல்ல கூத்து."

அவசரப்படுகிறவள் அல்ல சபூரா. தவசியின் ரத்தத்தில் சில துளிகளை எடுத்து, ஐப்பசி மழைக்குப் பள்ளத்தில் திறந்த கிண்ணத்தில் வைத்துக் காத்திருந்தாள். தளிர்கள் கடிபட்டு முடிந்தபோது அந்த ரத்தத்தில் துயில்நீர் இல்லை. மெல்ல மெல்லக் கரைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகுதான் குடும்பங்களைக் கூட்டிச் சொன்னார்கள்.

கூடத்தில் முதலில் அழுகை, பிறகு கைதட்டல், பிறகு சண்டை.

"பள்ளம் வரைக்கும் ரோடு போட்டுருவோம்," என்று எழுந்தார் அல்போன்ஸ். "ஷெட்டு ஒன்னப் போட்டு எல்லாக் கட்டிலையும் வரிசையா எறக்கிருவோம். ஒரே மழையில எல்லாரும் எந்திரிச்சுருவாங்க. மலையில எனக்குத் தெரியாத வளைவா? நாஞ் சொல்றேன், ரோடு போட முடியும்."

பலரும் தலையாட்டினார்கள். பூங்கோதை எழுந்து நின்றாள்.

"ரோடு போட முடியும்ண்ணே. பாறைய வெட்டுனா ஊத்து அறுந்துபோகும். ஊத்து இல்லன்னா ஈரம் இல்ல. ஈரம் இல்லன்னா கொடி தளிர்க்காது, பூச்சி வராது. ரோட்டு மேல கட்டிலெல்லாம் வரிசையா நிக்கும், யாரும் முழிக்க மாட்டாங்க. அந்தப் பள்ளம் ஒன்னுதான் மிச்சம்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க தங்கச்சி?"

"பள்ளத்துல ஒரு பாறைத் திட்டுல ஒரே ஒரு கட்டில் போடலாம். நடந்துதான் தூக்கிட்டுப் போகணும். ஒரு மழைக்கு ஒருத்தர். அதுக்குள்ள பள்ளத்துல இருந்து இந்த இல்லம் வரைக்கும் ஓடைக் கரையோரமா மிளகரணையும் நெழல் மரமும் நட்டுக்கிட்டே வருவோம். கொடி எறங்குனா பூச்சியும் எறங்கி வந்துரும். அப்புறம் இந்தக் கூடத்து ஜன்னலத் தொறந்து வெச்சா போதும்."

"எத்தன வருசம்?"

அவள் பொய் சொல்லவில்லை. "நாலு, அஞ்சு."

அல்போன்ஸின் முகம் இருண்டது. "இன்னும் அஞ்சு வருசம் எம்புள்ள மரக்கட்ட மாதிரிக் கெடக்கணும். ஒங்களுக்குப் பூச்சிதான் பெருசு. ஏன், மொத ஆளா யாரத் தூக்கிட்டுப் போகப் போறீங்க? ஒங்க அண்ணனத்தான?"

சபூரா வாயைத் திறப்பதற்குள் பூங்கோதையே பேசினாள்.

"ஆமாண்ணே. எங்கண்ணனத்தான். முன்ன எழுப்புன ரெண்டு பேரு என்ன ஆனாங்கன்னு ஒங்களுக்கே தெரியும். கிண்ணத்து ரத்தம் வேற, ஆளு வேற. மொத தடவ தப்பாப் போச்சுன்னா அது யாரு வீட்டுப் புள்ளையா இருக்கணும்னு சொல்லுங்க. வேற யாராச்சும் குடுக்குறீங்கன்னா, நான் வெலகிக்கிறேன்."

யாரும் முன்வரவில்லை. அல்போன்ஸ் வெளியே போனார். செருப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது.

அதன்பிறகு அவர் ஜீப் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வேறொரு வண்டியை ஏற்பாடு செய்துகொண்டாள். மந்திரி ஒருவரைப் பார்த்துச் சாலைக்காக மனு கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை அப்படிப் படுக்க வைத்திருந்தால் தானும் மலையையே பெயர்க்கச் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. ஆனாலும் மந்திரியின் ஆட்கள் வந்தபோது அவர்களைப் பள்ளத்தில் இறக்கி, ஊற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒரு அதிகாரியின் சட்டைப் பையில் கார்வரி அழகி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுத்தது. சாலை ஒத்திவைக்கப்பட்டது. அதற்குக் காரணம் ஊற்றா, பூச்சியா என்று அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

சித்திரை பிறக்கும்போது தவசியை மலைக்குத் தூக்கிப் போக நாள் குறித்தார்கள். மலையில் பிரசவத்துக்கும் நோய்க்கும் ஆளைத் தூக்குகிற மூங்கில் டோலியைக் கட்டினார்கள். குடும்பங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிளம்புகிற காலையில் தோள் கொடுக்க ஒரு ஆள் குறைந்தது. சாலை முடிகிற இடத்தில் பழைய பேட்டரி ஜீப் நின்றுகொண்டிருந்தது. அல்போன்ஸ் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஒரு ஆளு கொறையுதுன்னு சொன்னாங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வாங்கண்ணே," என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு.

பாறைத் திட்டில் கட்டிலைப் போட்டு, மேலே ஓலைச்சாய்ப்பு இறக்கினார்கள். சபூரா இதயத் துடிப்பு பார்க்கிற சிறிய பெட்டியோடு கொட்டகையிலேயே தங்கிவிட்டாள். முதல் மழை ஒரு மத்தியானம் வந்தது. மறுநாளிலிருந்து பள்ளத்தில் எலுமிச்சையும் மிளகும் கலந்த வாசம் எழுந்தது. கொடிகள் செம்புநிறத்தில் தளிர்த்தன. முந்திக்கொண்ட பூச்சிகள் தளிருக்கு ஒன்றாக முட்டையிட்டன. புழுக்கள் பொரித்து, எச்சம் போல உருண்டு கிடந்து, கடிக்கத் தொடங்கின. மூன்றாவது வாசம் எழுந்ததைப் பூங்கோதை மூக்கால் அறியவில்லை. பாறையிடுக்குகளில் கூடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துவருவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கூடு கறுத்தால் உள்ளே இறகு முற்றிவிட்டது என்று பொருள்.

"துடிப்பு ஏறுது," என்றாள் சபூரா ஒரு காலையில். "கோதை, இங்க வா. நகத்தப் பாரு."

தவசியின் நகங்கள் கொஞ்சம் வளர்ந்திருந்தன. பதினான்கு வருடமாக வெட்டத் தேவையில்லாத நகங்கள். பூங்கோதை அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாகப் போயிற்று.

அவன் விழித்தது நல்ல வெயில் நேரத்தில். அரிசியும் மருந்துப் பெட்டிகளும் கொண்டுவந்திருந்த அல்போன்ஸ், தள்ளிநின்று பார்த்துக்கொண்டிருந்தார். தவசியின் இமைகள் துடித்தன. கண் திறந்தது. எல்லோரும் பயந்தது அந்தக் கணத்துக்குத்தான். கண் ஓலையைப் பார்த்தது, கொடியைப் பார்த்தது, பிறகு மெல்லத் திரும்பி அவள் முகத்துக்கு வந்தது. நரைத்த காதோரத்தில் கொஞ்சம் நின்றது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இருந்தான்.

"அம்மா மாதிரியே ஆயிட்டியேத்தா," என்றான், தொண்டை கரகரக்க.

சபூரா அவன் உதட்டை நனைத்தாள். இனி அதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் நெஞ்சில் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது கைகொடுக்கவில்லை.

"அண்ணே... அம்மா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அம்மா குரலு நின்னுபோச்சுல்ல. கால அமுக்கிவிட்டுக்கிட்டே திட்டும். அப்புறம் ஒரு நாளு ஒன் குரலு மட்டும் வந்துச்சு. நீ அம்மாவப் பத்தி ஒன்னும் சொல்லல, மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்த. அப்பவே புரிஞ்சுபோச்சு."

சபூரா கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. "தவசி, உங்களுக்குக் கேட்டுச்சா? இவ்வளவு வருசமும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பயந்தவன்போலத் தெரியவில்லை. "மதியம் அசந்து தூங்கும்போது பக்கத்து வீட்டு ரேடியோ கேக்கும்ல, அந்த மாதிரி. வருசம் கிருசம் எல்லாம் தெரியல. சொகமாத்தான் இருந்துச்சு. யாராச்சும் பேசுனா நல்லாருக்கும். இவ வந்து பூச்சி பூச்சின்னு கத சொல்லுவா. டீக்கடை பெஞ்சு மாதிரி உக்காந்திருக்குமாமே, அத நெனச்சு ரொம்ப நாளாச் சிரிப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. சிரிக்கத்தான் முடியல."

சபூரா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கருவியும் காட்டாத ஒன்று. கூடத்தில் நின்று தூங்குகிறவர்களின் தலைக்கு மேலாக யார் யார் என்னென்ன பேசினார்கள், சொத்துப் பேச்சு, மறுமணப் பேச்சு, 'இதுக்குச் செத்தே போயிருக்கலாம்' என்ற பேச்சு, அத்தனையும் அவள் முகத்தில் ஓடியது. "யா அல்லா," என்றாள் மெதுவாக. "மொத வேலையா அந்தக் கூடத்துல போயி எல்லாருகிட்டயும் ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

அல்போன்ஸ் கட்டிலுக்கு அருகே வந்திருந்தார்.

"தம்பி," என்றார். "எம்மவ ஒங்களுக்குப் பக்கத்துக் கட்டிலுதான். சின்னப்புள்ள. அவளுக்கும்... அவளுக்கும் கேக்குமா?"

தவசி அவரைப் பார்த்தான். பிறகு அவர் காலைப் பார்த்தான். "கீச்சு கீச்சுனு ஒரு செருப்பு வரும். உக்காரும். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேக்கும். எந்திரிச்சுப் போயிரும். நீங்கதானாண்ணே அது?"

அல்போன்ஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

"இவ்வளவு தூரம் வர்றாரே, ஒரு வார்த்த பேசிட்டுப் போனா என்னன்னு நெனப்பேன்."

அல்போன்ஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடிகளை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறினார். முள் கிழித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே சரளையில் ஜீப் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

தவசிக்கு மருந்து தொடங்கினார்கள். பத்து நாளில் தடியூன்றி ஓடைவரை நடந்தான். மணலில் உட்கார்ந்திருந்த பூச்சிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீக்கடை பெஞ்சேதான்," என்றான். தங்கையை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் அவனுக்குக் குழப்பம். அவள் அவனைவிட ஒன்பது வயது மூத்தவளாகிவிட்டாள். "அக்கான்னு கூப்பிடவா?" என்று கேட்டு அடி வாங்கினான். அந்த அடிகூட அம்மா அடிப்பதைப் போலவே இருந்ததாம்.

அந்த மழையோடு நடவு தொடங்கியது. வரிசையில் யாருக்கு எப்போது என்பதைச் சபூராவும் மற்ற மருத்துவர்களும் நோயின் தன்மையைப் பார்த்து முடிவு செய்தார்கள். ஆக்னஸின் முறை வர வருடங்கள் ஆகும். அவளுக்கு முன்னால் கொடியே கீழே இறங்கி வந்துவிடலாம். அதைச் சொல்வதற்காகப் பூங்கோதை துயில் இல்லத்துக்குப் போனாள். ஓடைக்கரையில் நடுவதற்காக மிளகரணை நாற்றுகளையும் கூடையில் எடுத்துப் போயிருந்தாள்.

வாசலில் ஞாயிற்றுக்கிழமைப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். இப்போது எந்த நாளும் வரலாம். கூடம் சந்தையைப் போல இரைந்துகொண்டிருந்தது. உத்தமபாளையத்துப் பெண் கணவனின் காதருகே குனிந்து, நாத்தனார்களின் மேல் உள்ள குற்றங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மீசை வைத்த மகன் கிரிக்கெட் கதையைச் சொல்லத் தன் முறைக்குக் காத்திருந்தான்.

கடைசிக் கட்டிலில் அல்போன்ஸ் இருந்தார். கைகளில் முள் கீறல்கள். காலையிலேயே ஓடைக்கரையில் குழி வெட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். பூங்கோதை நெருங்கினாள். அவர் நிமிர்ந்து, கையைக் காட்டி அவளை நிற்கச் சொன்னார். மறுபடி மகளிடம் குனிந்தார்.

"...ஆங், எங்க விட்டேன்? புளியமரம். அந்தப் புளியமரத்தத் தாண்டுனா ரோடு எடது பக்கமா ஒடிக்கும். அங்கதான் ஒங்க அம்மா வாந்தி எடுப்பா. நீ சிரிப்ப. இப்ப அங்க ஒரு சோளக்கடை வந்துருக்கு பாப்பா. சுட்ட சோளம். அத வாங்கிட்டு மெதுவா ஏறுனா..."

பூங்கோதை சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் படுத்திருந்த காலிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். சாப்பாட்டு நேரம் வந்தது. தூக்குவாளி திறக்கப்படாமலே இருந்தது. மாலையில் கூடத்தைப் பெருக்க வந்தவர்கள் அந்தக் கட்டிலை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினார்கள். பூங்கோதையைக் கூட்டிப்போக வந்த சபூரா வாசலிலேயே நின்று, அவரைத் தொந்தரவு செய்யாதே என்று சைகை காட்டினாள்.

மலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். அல்போன்ஸின் கதை அப்போதுதான் இரண்டாவதில் திரும்பிக்கொண்டிருந்தது.